ஒரு டப்பா எத்தனை நாள்? – பிறந்த குழந்தையின் பால் கணக்கு

நம் கடைச் சரக்குகளில் அளவு தவறினால் நஷ்டம் பெரும்பாலும் பணத்தோடு போய்விடும். துவரம் பருப்பில் ஐம்பது கிராம் குறைந்தால் வாடிக்கையாளர் திரும்பி வந்து கேட்பார். நாமும் நிறுத்துக் கொடுத்துவிடுவோம். கைக்குழந்தைக்கான பால் பவுடர் விஷயம் வேறு. அங்கே அளவு தவறுவது வாங்கிச் சென்றவர் வீட்டு அடுப்படியில். பாதிக்கப்படுவதோ வாய் திறந்து சொல்லத் தெரியாத பத்து நாள் பிள்ளை.

"பிறந்த குழந்தைக்கு எத்தனை ஸ்பூன் போடணும் அண்ணாச்சி?" என்று டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு நாம் அளவு சொல்லிக் கொடுக்கக் கூடாது. ஆனால் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் தக்க காரணம் இருக்கிறது. அதை உறுப்பினர்களுக்கு விளக்கவே இக்கட்டுரை. இதில் எந்தக் கம்பெனியின் பெயரையும் நாம் குறிப்பிடவில்லை. அதன் காரணமும் கீழே வருகிறது.

முதல் சரக்கு தாய்ப்பால்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பின் மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால். உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டு மருத்துவர்களும் ஒரே குரலில் சொல்வது இது. முதல் சில நாட்கள் மஞ்சளாகச் சுரக்கும் சீம்பால் அளவில் கொஞ்சம்தான். அதைப் பார்த்துவிட்டு "பால் வரவில்லை" என்று டப்பா வாங்க ஓடி வருபவர்கள் அதிகம். பிறந்த முதல் நாள் குழந்தைக்குத் தேவைப்படுவதே சில ஸ்பூன் பால்தான் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். இடையில் பாட்டில் புகுந்தால் சப்புவது குறையும், பாலும் குறையும்.

ஆயினும் டப்பாப் பால் தேவைப்படும் வீடுகள் உண்டு. தாய் இறந்துபோன வீடு, தாய் கடும் நோயில் இருக்கும் வீடு, தத்து எடுத்த வீடு, மருத்துவரே எழுதிக் கொடுத்த வீடு. அவர்களுக்கு அந்த டப்பா உயிர் காக்கும் பொருள். அப்படிப்பட்ட வீட்டில் அளவு சரியாக இருந்தாக வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு குழந்தையின் எடையை வைத்துப் போடப்படுவது. முதல் வாரம் கடந்த, மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி. மூன்று கிலோ எடையுள்ள குழந்தைக்கு 3 x 150 = 450 மில்லி. அதை எட்டு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 55 முதல் 60 மில்லி.

பிறந்த அன்றே இந்த அளவு கிடையாது. முதல் நாளில் கிலோவுக்குச் சுமார் 60 மில்லி என்று தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரத்தில் 150-க்குக் கொண்டு வருவார்கள். அதாவது மூன்று கிலோ குழந்தைக்கு முதல் நாளில் ஒரு வேளைக்கு 20, 25 மில்லிதான். ஒரு மாதம் முடிந்து நான்கு கிலோ ஆகும்போது நாள் ஒன்றுக்குச் சுமார் 600 மில்லி. பின்னர் எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரைத் தாண்டுவதில்லை.

இது சராசரிக் கணக்கு. ஒரு வேளை கூடக் குடிக்கும், மறுவேளை குறைத்துக் குடிக்கும். பசித்து அழும்போது கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிட வேண்டும். பாட்டிலில் மீதி இருக்கிறதே என்று வற்புறுத்திப் புகட்டக் கூடாது. ஐந்தாறு நாள் ஆன குழந்தை நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால், பத்துப் பதினான்கு நாளில் பிறந்த எடையைத் திரும்பப் பிடித்தால், பால் போதுகிறது என்று பொருள். குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பதே அளவு.

தலைதட்டிய ஸ்பூன்

படியால் அரிசி அளந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலைதட்டி அளந்த படி வேறு; கோபுரமாகக் குவித்த படி வேறு. பால் பவுடர் டப்பாவுக்குள் கிடக்கும் ஸ்பூனும் அப்படித்தான். தலைதட்டித்தான் போட வேண்டும். அழுத்தி அடைக்கவும் கூடாது, குவிக்கவும் கூடாது.

நம் நாட்டில் விற்கும் டப்பாக்கள் பெரும்பாலானவற்றில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் என்றே போட்டிருக்கும். ஒரு ஸ்பூன் ஏறக்குறைய நாலரை கிராம் பிடிக்கும். ஆனால் எல்லா டப்பாவும் ஒன்றல்ல. அமெரிக்காவில் விற்கும் பல டப்பாக்களில் 60 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்பூன். அந்த ஸ்பூனும் பெரியது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த டப்பா தீர்ந்ததும் அந்த ஸ்பூனை எடுத்து உள்ளூர் டப்பாவில் போட்டால், பால் இரட்டிப்புக் கெட்டியாகிவிடும். ஒரு டப்பாவின் ஸ்பூன் அந்த டப்பாவுக்கு மட்டுமே.

கெட்டியாகக் கலந்தால் உப்புச் சத்து கூடி, குழந்தையின் உடம்பில் நீர் வற்றும், சிறுநீரகம் தாங்காது. நீர்க்கக் கலந்தால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. தண்ணீர் மிகவும் அதிகமானால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம். "கெட்டியாகக் கொடுத்தால் பிள்ளை கொழுகொழு என்று வரும்" என்பதும், "நீர்க்கக் கொடுத்தால் சுலபமாகச் செரிக்கும்" என்பதும் இரண்டுமே தவறு.

கடை நோட்டு காட்டிக் கொடுக்கும் உண்மை

இனி வருவதுதான் வணிகர்களாகிய நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள கணக்கு.

மூன்று கிலோ குழந்தை டப்பாப் பாலை மட்டுமே நம்பி இருந்தால் நாளொன்றுக்கு 14, 15 ஸ்பூன் செலவாகும். அதாவது 63 முதல் 68 கிராம் பவுடர். 400 கிராம் டப்பா ஆறு நாள் வரும். மாதத்துக்கு ஐந்து டப்பா. குழந்தை ஐந்து கிலோ ஆகும்போது நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டும். ஒரு டப்பா நான்கு நாள் தாங்குவதே கடினம். மாதத்துக்கு எட்டு டப்பா ஆகிவிடும்.

டப்பாவின் விலை உங்களுக்குத் தெரியும். அதை ஐந்தாலோ எட்டாலோ பெருக்கிப் பாருங்கள். தினக்கூலிக்குப் போகும் ஒரு குடும்பம் அந்தத் தொகையை மாதாமாதம் எப்படிக் கொடுக்கும்? கொடுக்க முடியாதபோது என்ன செய்வார்கள்? மூன்று ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் இரண்டு போடுவார்கள், பிறகு ஒன்று. டப்பா பதினைந்து நாள் வரும். வீட்டில் சிக்கனம் என்று நினைப்பார்கள். குழந்தை வெள்ளைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையன்று. 1970-களில் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆசியாவின் ஏழை நாடுகள் பலவற்றிலும் விளம்பரத்தை நம்பி டப்பாப் பாலுக்கு மாறிய தாய்மார்கள், விலை கட்டுப்படியாகாமல் தண்ணீரைக் கூட்டினார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. வயிற்றுப்போக்கும் சத்துக் குறைவும் சேர்ந்து ஏராளமான குழந்தைகளைக் கொண்டுபோயின. அதன் விளைவாக எழுந்த கண்டனமே 1981 மே மாதம் உலக சுகாதார மன்றம், தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனைக்கு சர்வதேச நெறிமுறை ஒன்றை ஏற்கக் காரணமாயிற்று.

ஆகவே உங்கள் பற்று நோட்டைப் பாருங்கள். கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டுக்கு மாதம் ஒரே ஒரு டப்பாதான் போகிறது என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தாய்ப்பாலும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அது நல்லது. அல்லது வேறு கடையிலும் வாங்குகிறார்கள். இரண்டும் இல்லை என்றால் பால் நீர்த்துப் போகிறது என்பதே மிச்சம். இதை டாக்டருக்கும் முன்னால் அறியக்கூடியவர் கடைக்காரர். அந்த வீட்டுக்காரரைத் தனியாக அழைத்து, "பிள்ளைக்கு எடை போட்டுப் பார்த்தீர்களா? ஒரு தடவை சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டு வாருங்கள்" என்று சொல்ல நாலு பேர் முன்னால் அவரைக் கூச்சப்பட வைக்க வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடியும் எடை பார்ப்பார்கள். குறைந்து நின்றுவிட்ட தாய்ப்பாலை மீண்டும் சுரக்க வைக்கவும் மருத்துவமனையில் வழிகாட்டுவார்கள். தமிழகத்தில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் தாய்ப்பால் வங்கியும் இருக்கிறது.

தண்ணீரும் பாத்திரமும்

பால் பவுடர் கிருமியே இல்லாத பொருள் அல்ல. சீல் உடைக்காத டப்பாவிலும் அரிதாக ஒரு வகை நுண்கிருமி இருக்கக்கூடும். அது பிறந்த குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். அதனால் உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட வழிமுறையில், தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 டிகிரிக்குக் கீழே ஆறவிடாமல் பவுடரைக் கலக்கச் சொல்கிறது. கொதித்து இறக்கி அரை மணிக்குள் கலந்துவிட வேண்டும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு பவுடர். கலந்த பாலை வெதுவெதுப்பாக ஆற்றி, கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காத பாலைக் கொட்டிவிட வேண்டும். காலையில் ஃபிளாஸ்க்கில் கலந்து வைத்து மாலை வரை கொடுப்பது ஆபத்து.

பாட்டிலைவிட நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையும் சங்கும் சுத்தம் செய்ய எளிது. மூலை முடுக்கு இல்லை, ரப்பர் இல்லை. கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும். பல மருத்துவமனைகளில் இன்றும் சிசுக்களுக்குப் பாலாடையில்தான் புகட்டுகிறார்கள். பாத்திரக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

மாற்றுச் சரக்கு ஆபத்து

"அது இல்லை, இதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது நம் தொழிலில் சகஜம். சோப்புக்கும் டீத்தூளுக்கும் அது சரி. குழந்தைப் பால் பவுடரில் கூடவே கூடாது. டப்பாவின் மேல் உள்ள 1 என்ற எண் பிறந்தது முதல் ஆறு மாதம் வரைக்கும். 2 ஆறு மாதத்துக்கு மேல். அதற்கு மேலும் எண்கள் உண்டு. 1 தீர்ந்துவிட்டது என்று 2-ஐக் கொடுத்து அனுப்பாதீர்கள். டீ, காபிக்குக் கலக்கும் பால் பவுடரும், கெட்டிப் பால் டின்னும் கைக்குழந்தைக்கான உணவே அல்ல. விலை குறைவு என்பதற்காக அதைக் கேட்டு வருபவரிடம், "இது பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லிவிடுவது நம் கடமை.

சீனாவில் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2004-ல் அன்ஹுய் மாகாணத்தின் ஃபூயாங் பகுதியில் புரதச்சத்து மிகக் குறைந்த போலிப் பால் பவுடர் சிக்கியது. அது பெரும்பாலும் கிராமத்துச் சின்னக் கடைகளின் வழியாகத்தான் போயிருந்தது. குழந்தைகளின் உடல் மெலிந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 2008-ல், அதே நாட்டில் புரதம் அதிகம் போலக் காட்டுவதற்காகப் பாலில் மெலமைன் கலந்தது வெளிவந்தது. ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் சிறுநீரகக் கோளாறு முதலியவற்றால் பாதிக்கப்பட்டன. மலிவாகக் கிடைக்கிறது என்று பில் இல்லாமல் சரக்குப் பிடிப்பதன் கடைசி எல்லை எது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பால் பாட்டில்கள், குழந்தை உணவுகள் குறித்து 1992-ல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-ல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. இன்று இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு விற்கப்படும் பால் பவுடரும் குழந்தை உணவும் இதில் அடங்கும். இது கம்பெனிகளுக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். விற்பவருக்கும் உண்டு.

இப்பொருள்களுக்கு எந்த வகையிலும் விளம்பரம் செய்யக் கூடாது. கடை முகப்பில் மாட்டும் போர்டும் போஸ்டரும் விளம்பரமே. தாய்ப்பாலுக்கு இணை, அதைவிடச் சிறந்தது என்ற எண்ணத்தை உண்டாக்கக் கூடாது. விற்பனையைப் பெருக்குவதற்காக இலவச சாம்பிள், பரிசுப் பொருள் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளையோ தாய்மார்களையோ அணுகவும் கூடாது. டப்பாவோடு ஒரு கிலுகிலுப்பையைக் கொசுறாகக் கொடுப்பதும் இதில் மாட்டும். இவ்வளவு டப்பா விற்றால் இவ்வளவு கமிஷன் என்று கடை ஆட்களுக்குப் பேசக் கூடாது. கடை ஆட்கள், கர்ப்பிணிகளுக்கோ தாய்மார்களுக்கோ குழந்தை வளர்ப்பு பற்றிப் பாடம் சொல்லும் வேலையைச் செய்யக் கூடாது. அளவு சொல்லாதீர்கள் என்று முதலில் கூறியது இதனால்தான். கம்பெனிப் பெயர்களை நாம் தவிர்த்ததும் இதனால்தான்.

இவற்றை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பால் பாட்டிலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். பவுடர் டப்பாவில் தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை இருக்க வேண்டும். குழந்தை படமோ பெண் படமோ இருக்கக் கூடாது. இவற்றில் எது குறைந்தாலும் அந்தச் சரக்கைக் கடைக்குள் ஏற்றாதீர்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

1. பில் உள்ள, தெரிந்த ஏஜென்ட் சரக்கையே வாங்குங்கள்.

2. வெயில் படாத, ஈரமில்லாத ரேக்கில் வையுங்கள். பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால். தேதி முடிந்ததைத் தனியாக எடுத்து ஏஜென்டிடம் திருப்புங்கள். பாதி விலைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

3. நசுங்கிய, துருப்பிடித்த, சீல் விட்டுப்போன டப்பாவை விற்காதீர்கள். உடைத்துச் சில்லறையாகப் பொட்டலம் கட்டவே கூடாது.

4. குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டு, அதற்குரிய எண் உள்ள டப்பாவைக் கொடுங்கள். வயது ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் டாக்டர் சீட்டு உண்டா என்றும் கேளுங்கள்.

5. அளவு கேட்டால், "டப்பாவில் போட்டிருக்கிறது, உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள்" என்பதே பதில். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு செவிலியரிடம் காட்டச் சொல்லுங்கள். உடனே டாக்டரைப் பார்க்க முடியாதவர்களுக்கு 104 என்ற மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது.

6. இவை அனைத்தையும் கல்லாவில் உட்காரும் பிள்ளைகளுக்கும் கடைப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள்.

பால் பவுடர் டப்பாவில் நமக்கு நிற்கும் லாபம் பெரிதல்ல என்பது எல்லோரும் அறிந்ததே. அதை விற்று யாரும் மாடி கட்டியதில்லை. ஆனால் தெருவில் ஒரு கைக்குழந்தை தேறி நடக்கத் தொடங்குவதில் நம் கடைக்கும் ஒரு பங்கு இருக்க முடியும். உறுப்பினர்கள் இந்த வாரமே தங்கள் ரேக்கில் உள்ள டப்பாக்களின் எண்ணையும் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். பற்று நோட்டில் கைக்குழந்தை உள்ள வீடுகளின் பக்கத்தையும் சேர்த்தே புரட்டிப் பாருங்கள்.